மிடி இசையின் ஒலித்தரத்தைக் கூட்டுவது: எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் தொடுவது

கேள்வி இதுதான்: கணினியில் மிடி (எந்த நோட்டை எப்போது, எவ்வளவு வலுவாக வாசிப்பது என்று கருவிக்குச் சொல்லும் கட்டளை முறை) வைத்து இசை அமைக்கிறேன். நோட்டுகள் சரி, தாளமும் பிசகவில்லை. ஆனாலும் கேட்டால் பொம்மை கீபோர்டு வாசிக்கிற மாதிரி இருக்கிறது. ஈக்யூ (ஒலியின் அடி, உச்சப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது), ரிவெர்ப் (அறையின் எதிரொலி) எல்லாம் போட்டும் தேறவில்லை. என்ன செய்வது?

ஈக்யூவிலும் ரிவெர்ப்பிலும் தொடங்கியதுதான் சிக்கல். ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அடுத்து வாசிப்பு: வெலாசிட்டி (நோட்டை அழுத்தும் வலு), எக்ஸ்பிரஷன் (நோட்டு ஒலிக்கும்போதே அளவை ஏற்றி இறக்குவது), பெடல், நோட்டின் நீளம், நேரம். மிக்ஸிங் (எல்லாக் கருவிகளையும் சமன்படுத்திக் கலப்பது) அதற்கும் பிறகுதான். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதிலும் நடுவில் இருக்கும் வாசிப்பை அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் லைப்ரரிகூட (அசல் கருவிகளைப் பதிவு செய்த ஒலித் தொகுப்பு) மட்டமாக ஒலிப்பதற்கு அதுதான் காரணம்.

ஒலி எங்கிருந்து வருகிறது?

மிடி ஃபைலுக்குள் ஒலி கிடையாது. 'சேனல் 1-இல் 60-ஆம் நோட்டை 90 வெலாசிட்டியில் அழுத்து, இத்தனை டிக் கழித்து விடு' என்கிற மாதிரிக் கட்டளைகள் மட்டுமே இருக்கும் (டிக் என்பது மிடியின் மிகச் சிறிய நேர அளவு). அவற்றை ஒலியாக்குவது, ஒலியைத் தானே உருவாக்கும் ஒரு சின்தசைசரோ பதிவு செய்த ஒலியை வாசிக்கும் சாம்பிளரோதான். அதனால் மிடி ஃபைலின் 'பிட்ரேட்டை' உயர்த்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஃபைல் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக ஒலிப்பதும் இதனால்தான்.

விண்டோஸில் எதையும் மாற்றாமல் மிடி ஃபைலை இயக்கினால் ஒலிப்பது 'மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சின்த்'. ரோலண்ட் நிறுவனத்தின் ஒலிகளைக் கொண்ட, சுமார் 3.3 எம்பி அளவுள்ள ஒரே ஃபைல்தான் அதன் மொத்தச் சொத்து. சிடி தரத்தில் மோனோவாகக் கணக்கிட்டால் 3.3 எம்பி என்பது ஏறத்தாழ 40 விநாடி ஒலி. ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தின் 128 கருவிகளும் தாளக் கருவிகளும் இந்தச் சின்ன இடத்துக்குள் அடங்க வேண்டும். கிராண்ட் பியானோவின் அடி நோட்டு ஒன்றை அடித்துவிட்டுக் காத்திருந்தால் அது மட்டுமே 20 விநாடிக்கு மேல் ஒலித்து அடங்கும். ஆக, அந்தச் சின்த்தில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைத்தது ஒரு துண்டு ஒலி. அதைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நீட்டியிருப்பார்கள். இதன்மேல் எந்த ஈக்யூ போட்டாலும் இல்லாத தகவல் வராது. தாமதமும் அதிகம், கீபோர்டை அழுத்திச் சற்று நேரம் கழித்தே ஒலி வரும்.

எனவே முதல் வேலை, இந்தச் சின்த்தை விட்டு வெளியே வருவது. மிடி ஃபைல்களைக் கேட்பது மட்டும் நோக்கம் என்றால் விண்டோஸில் விர்ச்சுவல்மிடிசின்த் நிறுவி, அதில் ஒரு நல்ல சவுண்ட்ஃபான்டைச் (பல கருவிகளின் ஒலிகள் அடங்கிய ஃபைல்) சேர்த்து, பிளேயரின் மிடி அவுட்புட்டாக அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். லினக்ஸில் ஃப்ளூயிட்சின்த் அதே வேலையைச் செய்யும். மேக்கில் மிடி ஃபைலை கராஜ்பேண்டுக்குள் இழுத்துப் போட்டாலே அதன் சொந்தக் கருவிகள் ஏற்றுக்கொள்ளும். இசை அமைப்பவர்களுக்கு இதெல்லாம் போதாது. ரீப்பர், எஃப்எல் ஸ்டூடியோ, எல்எம்எம்எஸ், கியூபேஸ் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் (ஒரு கருவிக்கான வரி) தனித்தனி பிளகின் (உள்ளே ஏற்றும் கருவி மென்பொருள்) போடுவதே சரியான வழி.

நோட்டேஷன் எழுதுபவர்கள் அதற்கான மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் 3-இலிருந்து 4-க்கு மாறினாலே வித்தியாசம் தெரியும். 2022 டிசம்பரில் வந்த 4-ஆம் பதிப்பில் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலிகளைத் தனியாக இறக்கி, மிக்ஸரில் கருவி வாரியாகத் தேர்ந்தெடுக்கலாம். விஎஸ்டி வகை பிளகின்களையும் அங்கேயே ஏற்றலாம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் ஒதுக்கிவிடலாம்: நல்ல சவுண்ட் கார்டு வாங்கினால் மிடி நன்றாக ஒலிக்கும் என்பது. 1994-இல் சவுண்ட் பிளாஸ்டர் ஏடபிள்யூஇ32 வந்த காலத்தில் அது உண்மை; ஒலியை உருவாக்கும் சிப் கார்டிலேயே இருந்தது. இன்று அந்த வேலை முழுவதும் பிளகினில் நடக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே இணைக்கும் ஒலிப்பெட்டி) தாமதத்தைக் குறைக்கும், ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்க வைக்கும். வெளியே எடுக்கும் வேவ் ஃபைலின் தரத்தில் அதற்குப் பங்கில்லை.

எந்த ஒலியைத் தேர்ந்தெடுப்பது?

இலவசமாகக் கிடைப்பவையே நிறைய தூரம் வரும். எல்லாக் கருவிகளும் ஒரே ஃபைலில் வேண்டும் என்றால் ஜெனரல்யூசர் ஜிஎஸ், ஃப்ளூயிட் ஆர்3, மியூஸ்ஸ்கோர் ஜெனரல் ஆகிய சவுண்ட்ஃபான்ட்களில் ஒன்றை எடுங்கள். முதலாவது 30 எம்பி அளவில்தான் இருக்கும். ஆனால் கருவிகளுக்கு இடையேயான ஒலி அளவு அதில் நன்றாகச் சமன்படுத்தப்பட்டிருக்கும். ஃபைல் பெரிது என்பதாலேயே நல்லது என்று நினைக்க வேண்டாம். பல இடங்களிலிருந்து எடுத்த ஒலிகளைத் தைத்துச் செய்த 1 ஜிபி சவுண்ட்ஃபான்டில் புல்லாங்குழல் டிரம்பெட்டை அமுக்கும், பியானோவின் ஒரு நோட்டு மட்டும் தனியே துருத்தும். எஸ்எஃப்3 வகை ஃபைல்கள் சுருக்கப்பட்டவை. மியூஸ்ஸ்கோரிலும் ஃப்ளூயிட்சின்த்திலும் அவை திறக்கும், எஸ்எஃப்2 மட்டும் தெரிந்த பிளேயர்களில் திறக்காது. 'ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது' என்று பிழைச் செய்தி வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இந்தப் பொது சவுண்ட்ஃபான்டை வரைவுக்கு வைத்துக்கொண்டு, பாட்டில் முன்னால் நிற்கும் இரண்டு மூன்று கருவிகளுக்கு மட்டும் தனி ஒலி தேடுங்கள். பின்னால் மெல்லிதாகப் போகும் பேடுக்கு (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி) 5 ஜிபி லைப்ரரி தேவையில்லை. பியானோவுக்கு சாலமாண்டர் கிராண்ட் பியானோ நல்ல தொடக்கம். யமஹா சி5 பியானோவை மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு நோட்டு வீதம், 16 வெலாசிட்டி அடுக்குகளில் (மெதுவாக அடித்ததிலிருந்து ஓங்கி அடித்தது வரை 16 பதிவுகள்), 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதிவு செய்தது. அதன் எஸ்எஃப்இசட் வகை ஃபைலை சஃபோர்சாண்டோ அல்லது எஸ்ஃபிஸ் பிளகினில் ஏற்றலாம். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு பிபிசி சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவின் டிஸ்கவர் பதிப்பு, விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன் இரண்டும் பயன்படும். சின்த் லீட், பேஸ், பேட் வேண்டும் என்றால் சாம்பிளைத் தேடவே வேண்டாம். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி போன்ற அசல் சின்தசைசர்களே சரி. 80-களின் எலக்ட்ரிக் பியானோ வேண்டுமா, டெக்ஸெட் இருக்கிறது; யமஹா டிஎக்ஸ்7-ஐ மென்பொருளாக்கியது அது.

ஒரு ஒலி தேறுமா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரே நோட்டை 20, 50, 80, 110 வெலாசிட்டியில் அடித்துப் பாருங்கள். சத்தம் மட்டும் கூடுகிறதா, ஒலியின் நிறமும் மாறுகிறதா? அசல் பியானோவில் மெதுவாக அடித்தால் ஒலி மந்தமாகவும், ஓங்கி அடித்தால் கூர்மையாகவும் வரும். சத்தம் மட்டுமே மாறினால் அதில் ஒரே அடுக்குதான் இருக்கிறது. அடுத்து, அதே நோட்டை அதே வெலாசிட்டியில் வேகமாக எட்டு முறை அடியுங்கள். எட்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அதில் ரவுண்ட் ராபின் (ஒரே நோட்டின் பல பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிப்பது) இல்லை. ஸ்நேர் டிரம் ரோல் எழுதினால் மெஷின் கன் சத்தம் வரும். பிறகு அரை அரைச் சுரமாக ஏறிப் பாருங்கள். திடீரென்று ஒரு நோட்டில் குரல் மாறினால் அங்கே ஒரு சாம்பிள் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒரு சாம்பிளை ஐந்தாறு அரைச்சுரம் இழுத்திருந்தால் காது கண்டுபிடித்துவிடும்.

வாங்கிய மிடி ஃபைலைத் துப்புரவாக்குவது

வேறு இடத்திலிருந்து வந்த மிடி ஃபைல் என்றால், புதிய ஒலியைப் போடுமுன் அதற்குள் இருக்கும் குப்பையை அகற்ற வேண்டும். டைப் 0 ஃபைலில் எல்லாச் சேனல்களும் ஒரே ட்ராக்கில் கிடக்கும். ரீப்பர் இறக்குமதியின்போதே சேனல் வாரியாகத் தனி ட்ராக்குகளாகப் பிரிக்கவா என்று கேட்கும்; ஆம் என்று சொல்லுங்கள். சேனல் 10 எப்போதும் தாளம்.

பிறகு ஒவ்வொரு ட்ராக்கிலும் ஈவென்ட் லிஸ்டைத் (கட்டளைகளின் பட்டியல்) திறந்து பாருங்கள். முதல் பாரில் (தாளச் சுற்று) கருவியைத் தேர்ந்தெடுக்கும் புரோகிராம் சேஞ்ச், பேங்க் செலக்ட் கட்டளைகள் இருக்கும். அவை இருக்கும் வரை, நீங்கள் தேர்ந்தெடுத்த ஒலி பிளே அழுத்தியதும் வேறொன்றாக மாறக்கூடும். நீக்குங்கள். சிசி 7 வால்யூம் மதிப்புகளும் அங்கேதான் இருக்கும் (சிசி என்பது கன்ட்ரோல் சேஞ்ச், ஒலியைக் கட்டுப்படுத்தும் எண்ணிட்ட கட்டளை). பழைய ஃபைல்களில் மிக்ஸிங் முழுவதும் சிசி 7-இல்தான் செய்திருப்பார்கள். அது நேர்கோட்டு அளவு அல்ல: ஜெனரல் மிடி பரிந்துரைக்கும் வளைவில் 127 என்பது முழு அளவு, 100 என்பது ஏறத்தாழ 4 டெசிபல் குறைவு, 64 என்பது 12 டெசிபல் குறைவு. சிசி 11 எக்ஸ்பிரஷனும் அதே வளைவில் இதன்மேல் சேரும். இரண்டும் 64 என்றால் 24 டெசிபல் போய்விட்டது! அந்தக் கருவி கேட்கவில்லையே என்று மிக்ஸர் ஃபேடரை மேலே மேலே தள்ளுவதில் பயனில்லை. சிசி 7-ஐ ஒரே இடத்தில் 100 என்று வைத்துவிட்டு, ஒலி அளவை ஃபேடரில் பாருங்கள். சிசி 91 ரிவெர்ப், சிசி 93 கோரஸ் இரண்டையும் 0 ஆக்கிவிடுங்கள். காரணம் கீழே மிக்ஸ் பகுதியில் வருகிறது.

வெலாசிட்டியும் பெடலும்

மௌஸால் நோட்டு வரைந்தால் எல்லாம் 100 என்று விழும். 16 அடுக்குள்ள பியானோவில் அடுக்குகளைச் சமமாகப் பிரித்தால் 100 என்பது 13-ஆவது அடுக்கு. பாட்டு முழுவதும் அந்த ஒன்றே வாசிக்கும். மீதி 15 அடுக்கும் ஹார்ட் டிஸ்கில் தூங்கும். கைக்காசு போட்டு வாங்கிய பியானோ பிளகின் பிளாஸ்டிக் மாதிரி ஒலிக்கிறது என்பவர்களின் ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் நிலைமை.

'ஹ்யூமனைஸ்' பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது எண்களைக் கண்டபடி கலைக்கும். மனிதர் அப்படி வாசிப்பதில்லை. அழுத்தம் எங்கே கூட வேண்டும், எங்கே குறைய வேண்டும் என்பதற்கு இசையில் காரணம் உண்டு. பியானோவில் ஒரு சி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்): அடியில் சி, நடுவில் ஈ, ஜி, மேலே மெலடியின் சி. நான்குக்கும் 90 போடாமல் மேல் நோட்டுக்கு 88, அடி நோட்டுக்கு 74, நடுவில் இரண்டுக்கும் 60, 57 என்று வைத்துப் பாருங்கள். மெலடி தானாக முன்னால் வரும், கார்டு பின்னால் நிற்கும். ஈக்யூ தொடாமலே தெளிவு கிடைக்கும். கூடவே அடி நோட்டை 10 மில்லிவிநாடி முன்னால் தள்ளுங்கள். 480 பிபிக்யூ (ஒரு பீட்டுக்கு 480 டிக்), நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு டிக் ஏறத்தாழ 1 மில்லிவிநாடி. ஆக 10 டிக். வேகம் 90 ஆனால் ஒரு டிக் 1.4 மில்லிவிநாடி ஆகிவிடும், அதற்கேற்பக் குறையுங்கள்.

சொற்றொடர் அளவிலும் இதே போலத்தான். நான்கு பார் மெலடி ஒன்று மூன்றாவது பாரில் உச்சம் தொடுகிறது என்றால் வெலாசிட்டி 62-இல் தொடங்கி 92 வரை ஏறி, கடைசி நோட்டில் 55-க்கு இறங்கலாம். திரும்பி வருகிற சொற்றொடரைக் காப்பி பேஸ்ட் செய்தால் இரண்டாம் முறை எண்களை மாற்றுங்கள். மியூஸ்ஸ்கோரில் மெஸோ ஃபோர்ட்டே (நடுத்தர வலு) என்ற குறிக்கு 80, ஃபோர்ட்டே (வலுவாக) என்ற குறிக்கு 96, பியானோ (மெல்ல) என்ற குறிக்கு 49 என்று வெலாசிட்டி விழும். அங்கிருந்து மிடியாக ஏற்றுமதி செய்த ஃபைலில் ஒரு குறியிலிருந்து அடுத்த குறி வரை எண் மாறாமல் கிடக்கும். கையால் திருத்தியே ஆக வேண்டும்.

பெடலில் வழக்கமாக நடக்கும் கோளாறு: கார்டு மாறும் இடத்தில் பெடலுக்கான சிசி 64-ஐ 0 என்றும், அதே டிக்கில் மறுபடி 127 என்றும் வைப்பது. சாம்பிளருக்குப் பழைய கார்டை அணைக்க அவகாசமே கிடைக்காது; இரண்டு கார்டும் கலந்து குழம்பும். பியானோ வாசிப்பவர் புதிய கார்டு விழும்போது காலை எடுப்பார், விழுந்த பிறகு மீண்டும் மிதிப்பார். அதாவது பீட்டில் 0, ஏறத்தாழ 100 மில்லிவிநாடி கழித்து 127. இந்த ஒரு திருத்தம் செய்தாலே பியானோ ட்ராக்கில் இருக்கிற கலங்கல் பாதி போய்விடும்.

வயலின் குழு, ஊதுகருவிகள்: வெலாசிட்டி போதாது

பியானோ நோட்டு விழுந்த பிறகு அதை யாரும் மாற்ற முடியாது. வில்லும் மூச்சும் அப்படியல்ல. நோட்டு ஒலிக்கும்போதே அது வளர வேண்டும், தேய வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரிகள் பலவற்றில் நீண்ட நோட்டுகளுக்கு வெலாசிட்டியால் சத்தம் மாறாது. சிசி 1, அதாவது மாட் வீல், அடுக்குகளுக்கு இடையே நகர்த்தும். சிசி 11 மொத்த அளவை ஏற்றி இறக்கும். இரண்டையும் வரையாமல் விட்டால் அந்த லைப்ரரி ஒரே மட்டத்தில் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சவுண்ட்ஃபான்டில் அதே சிசி 1-க்கு வேலை வேறு: அது வைப்ரேட்டோ. லைப்ரரிக்காக 45-இலிருந்து 95 வரை வரைந்த சிசி 1 வளைவோடு அந்த ட்ராக்கை சவுண்ட்ஃபான்டுக்கு மாற்றினால் வயலின் குழு மொத்தமும் நடுங்கும். ஒலியை மாற்றும்போதெல்லாம் கன்ட்ரோலர்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். சவுண்ட்ஃபான்டில் சிசி 11-ஐ மட்டும் நம்புங்கள்.

நிமிடத்துக்கு 72 பீட் வேகத்தில் நான்கு பார் வயலின் வரி என்று வைத்துக்கொள்வோம். சிசி 1 முதல் பாரில் 45, மூன்றாம் பாரின் நடுவில் 92, கடைசியில் 40. சிசி 11 அதோடு சேர்ந்து 75-இலிருந்து 110 வரை போய் 60-இல் முடியட்டும். நீண்ட நோட்டு ஒவ்வொன்றும் தனக்குள் லேசாக வீங்கி இறங்கட்டும். புள்ளிகளை 10 முதல் 20 டிக்குக்கு ஒன்றாக வையுங்கள். ஒரு பாருக்கு நான்கு புள்ளி மட்டும் வைத்தால் படிக்கட்டில் ஏறுவது காதில் விழும். மௌஸால் வரைவதைவிட ஒரு ஃபேடரையோ மாட் வீலையோ கையால் நகர்த்திப் பதிவு செய்வது பத்து மடங்கு மேல்.

லெகாட்டோ (நோட்டுகள் இடைவெளியின்றி இழையும் வாசிப்பு) வேண்டும் என்றால் ஒரு நோட்டு முடியுமுன் அடுத்தது தொடங்க வேண்டும். 10 முதல் 20 டிக் மேல்விழுந்தால் போதும். இடைவெளி விட்டால் ஒவ்வொரு நோட்டும் வில்லைப் புதிதாக எடுத்து வைக்கும். இன்னொன்று, இந்த லைப்ரரிகளின் லெகாட்டோ சாம்பிள்கள் மெதுவாக எழும். எடிட்டரின் நேரக் கட்டத்தில் மிகச் சரியாக வைத்த நோட்டு 100 மில்லிவிநாடி பிந்திக் கேட்கும். குவாண்டைஸ் (நோட்டுகளைக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டுவது) செய்து செய்து அலுத்துப்போவதற்குப் பதில், அந்த ட்ராக்குக்கு மட்டும் ட்ராக் டிலேயை மைனஸ் 80 முதல் மைனஸ் 150 மில்லிவிநாடி வரை வைத்துக் காதால் சரிபாருங்கள். லைப்ரரிக்கு லைப்ரரி இது மாறும்; ஸ்டக்காட்டோவுக்கு (நோட்டுகளை வெட்டி வாசிப்பது) வேறு எண் வரும் என்பதால் தனி ட்ராக்கில் வைப்பது நல்லது.

கீஸ்விட்ச் (வாசிப்பு முறையை மாற்றுவதற்கான நோட்டு) வேலை செய்யவில்லை என்றால் ஆக்டேவ் பெயரில்தான் குழப்பம் இருக்கும். 60-ஆம் நோட்டை யமஹா வழக்கம் சி3 என்கிறது, ரோலண்ட் வழக்கம் சி4 என்கிறது. கையேட்டில் சி0 என்று போட்டிருந்தால் உங்கள் மென்பொருளில் அது மேலேயோ கீழேயோ ஒரு ஆக்டேவ் தள்ளி இருக்கலாம். அதோடு, கருவியின் எல்லையைத் தாண்டாதீர்கள். வயலினின் அடி நோட்டு 55. அதற்குக் கீழே எழுதினால் சில லைப்ரரிகள் மௌனமாக இருக்கும், சவுண்ட்ஃபான்ட் மேல் நோட்டையே இழுத்து விகாரமாக ஒலிக்கும்.

பிட்ச் பெண்ட் வழக்கமாக இரண்டு அரைச்சுரம் மேலும் கீழும் போகும். பெரிய வளைவு வேண்டும் என்றால் சிசி 101 = 0, சிசி 100 = 0, பிறகு சிசி 6 = 12 என்று அனுப்பினால் ஒரு ஆக்டேவ் வரை விரியும்; இதை ஏற்காத பிளகின்களில் அவற்றின் செட்டிங்கிலேயே மாற்ற வேண்டும். அனுப்புமிடத்திலும் வாங்குமிடத்திலும் இந்த எல்லை ஒன்றாக இல்லாவிட்டால் வளைவு முடியும் இடம் சுருதி விலகிக் கேட்கும். பாட்டு நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போது கருவி முழுவதும் சுருதி தப்பினால், பிட்ச் பெண்ட் நடுப்புள்ளியான 8192-க்குத் திரும்பாமல் நின்றிருக்கிறது.

தாளமும் கிதாரும்

ஜெனரல் மிடியில் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹாட் 42, திறந்த ஹைஹாட் 46. புதிய டிரம் பிளகின் இந்த வரிசையைப் பின்பற்றாவிட்டால் ஹைஹாட் இருக்க வேண்டிய இடத்தில் கௌபெல் அடிக்கும். பிளகினில் ஜிஎம் மேப் இருக்கிறதா என்று தேடுங்கள். ஹைஹாட்டின் எட்டுத் தட்டுக்கு 92, 62, 82, 58 என்று இருமுறை ஏற்ற இறக்கம் கொடுத்து, ஸ்நேரின் முதன்மைத் தட்டுகளை 104 முதல் 110 வரை வைத்து, இடையில் 25 முதல் 40 வரை மெல்லிய தட்டுகள் தூவினால் கிட் உயிர் பெறும். கிக், ஸ்நேர் இரண்டையும் கட்டத்திலேயே விடுங்கள். திறந்த ஹைஹாட் 42 வந்ததும் அணைய வேண்டும்; அணையாவிட்டால் இரண்டும் ஒரே சோக் குரூப்பில் (ஒன்று ஒலித்தால் மற்றது அணையும் குழு) இல்லை.

கிதாருக்கு பியானோ கார்டை ஒட்டிவிட்டால் எந்த சாம்பிளும் கிதாராக ஒலிக்காது. ஆறு தந்தியில் விரல் எட்டும் அமைப்பாக எழுதுங்கள். கீழ்நோக்கிய ஸ்ட்ரம்மில் தடித்த தந்தியிலிருந்து மெல்லியதுக்கு, தந்திக்கு 8 முதல் 15 மில்லிவிநாடி இடைவெளி. மேல்நோக்கியதில் மெல்லிய மூன்று நான்கு தந்திகள் மட்டும், வெலாசிட்டியும் குறைவாக. கிதார் நோட்டேஷன் ஒலிப்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலே எழுதப்படுவது என்பதால், இறக்குமதி செய்த கிதார் ட்ராக் கீச்சென்று இருந்தால் 12 அரைச்சுரம் இறக்கிப் பாருங்கள்.

வெடிப்பு, விட்டுப்போகும் நோட்டு

இவை இசைக் கோளாறல்ல, கணினி திணறுவது. பஃபர் (கணினி ஒலியை முன்கூட்டித் தயாரித்து வைக்கும் அளவு) 256 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாமதம் 5.3 மில்லிவிநாடி, 1024 என்றால் 21. வாசித்துப் பதிவு செய்யும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) இல்லாமல் சின்ன பஃபரை முயல வேண்டாம். புளூடூத் ஹெட்ஃபோனில் நேரடியாக வாசித்துப் பதிவு செய்வது நடக்காத காரியம், அவ்வளவு தாமதம்.

நீண்ட நோட்டுகள் பாதியில் வெட்டுப்பட்டால் பாலிஃபனியைப் (ஒரே நேரத்தில் எத்தனை குரல் ஒலிக்கலாம் என்ற எல்லை) பாருங்கள். ஸ்டீரியோ சாம்பிள் என்றால் ஒரு நோட்டுக்கு இரண்டு குரல். இரண்டு அடுக்கு கலந்தால் நான்கு. பெடல் மிதித்தபடி 20 நோட்டு ஒலித்தால் 80 குரல் போய்விடுகிறது. ஃப்ளூயிட்சின்த்தில் இயல்பு எல்லை 256. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 512 வைக்கலாம். அதிலேயே இன்டர்போலேஷனை (சாம்பிள் புள்ளிகளுக்கு இடையே மதிப்பைக் கணிக்கும் முறை) 4-ஆம் படியிலிருந்து 7-ஆம் படிக்கு உயர்த்தினால், சாம்பிளை இழுக்கும்போது உச்சத்தில் வரும் கரகரப்பு கொஞ்சம் குறையும். அதன் கெயின் (ஒலிப்பெருக்க அளவு) இயல்பாக 0.2-இல் இருக்கும். சத்தம் போதவில்லை என்று 1-க்கு மேல் ஏற்றினால் கார்டுகள் சேரும் இடத்தில் ஒலி எல்லை தாண்டி கிளிப் ஆகிக் கிழியும்; அதை ரெக்கார்டிங் கோளாறு என்று நினைத்து ஈக்யூவில் தேடுபவர்கள் உண்டு.

கடைசியாக மிக்ஸ்

முதலில் எல்லா பிளகின்களின் உள் ரிவெர்ப்பையும் அணையுங்கள். பியானோவுக்கு ஒரு ஹால், வயலினுக்கு வேறு அறை, சவுண்ட்ஃபான்டுக்கு மூன்றாவது என்று மூன்று இடங்களில் வாசித்த மாதிரி ஒலிப்பது மிடி இசையின் பெரிய அடையாளம். சிசி 91-ஐ 0 ஆக்கச் சொன்னது இதற்குத்தான். ஒரே ரிவெர்ப்பைத் தனி பஸ்ஸில் (பல ட்ராக்குகள் சேரும் பொது வழி) போட்டு, எல்லா ட்ராக்கிலிருந்தும் சென்ட் (ஒலியின் ஒரு பங்கை அங்கே அனுப்பும் திருகு) மூலம் தேவையான அளவு அனுப்புங்கள். ஹால் வகை, நீளம் 1.8 முதல் 2.2 விநாடி, பிரீ-டிலே (எதிரொலி தொடங்குமுன் வரும் இடைவெளி) 20 முதல் 30 மில்லிவிநாடி, ரிவெர்ப்பின் மேலேயே 250 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டு. வேகமான பாட்டுக்கு நீளத்தைப் பாதியாக்குங்கள். ஹாலிலேயே பதிவு செய்த லைப்ரரி என்றால் அதற்கு மட்டும் சென்ட்டைக் குறையுங்கள். பேஸ், கிக் இரண்டுக்கும் கிட்டத்தட்ட வேண்டாம்.

பேன் செய்யும்போது (கருவிகளை இடம், வலமாக நிறுத்தும்போது) பியானோ, வயலின், டிரம் எல்லாமே முழு ஸ்டீரியோவில் விரிந்து கிடந்தால் யாரும் எங்கேயும் இல்லை. மெலடிக் கருவியையும் பேஸையும் நடுவில் வைத்து, மற்றவற்றை அகலம் குறைத்து ஆளுக்கொரு பக்கம் நகர்த்துங்கள்.

ஈக்யூ இப்போது மிகக் குறைவாகவே தேவைப்படும். பேஸ், கிக் தவிர மற்றவற்றில் 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். எல்லாக் கருவியும் சேரும்போது அடைத்த மாதிரி இருந்தால் 250 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். அதையும் எல்லாவற்றிலும் செய்யாமல் பேட், கிதார் மாதிரி பின்னணியில் மட்டும். மாஸ்டரில் (எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி வெளியீடு) உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். எந்த மாற்றத்தையும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது அதுதான் நல்லது என்று சொல்லிவிடும்.

வெளியே எடுக்கும்போது 24 பிட் வேவ், ப்ராஜெக்ட் எந்த சாம்பிள் ரேட்டில் இருக்கிறதோ அதே ரேட். 44.1-இல் செய்ததை 96-இல் எடுத்தால் ஃபைல்தான் பெருக்கும். ஆஃப்லைன் ரெண்டரில் கணினி திணறினாலும் வெடிப்பு விழாது. ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து சாம்பிளை ஓட்டும் பெரிய லைப்ரரிகள் சில அவசர ரெண்டரில் நோட்டை விட்டுவிடும், அப்போது நிகழ்நேர ரெண்டருக்கு மாறுங்கள். கடைசி நோட்டுக்குப் பின் 4, 5 விநாடி இடம் விடுங்கள், இல்லையேல் ரிவெர்ப் வால் அறுபடும். எம்பி3 வேண்டும் என்றால் உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தி, இந்த வேவிலிருந்து 320 கிலோபிட்டில் எடுங்கள். மிடியை நேராக எம்பி3 ஆக்கித் தரும் இணையதளங்களுக்கு உங்கள் மிடி ஃபைலை அனுப்பிவிடாதீர்கள். அவை தங்களிடம் உள்ள ஏதோ ஒரு சவுண்ட்ஃபான்டில் வாசித்துத்தான் தரும். நீங்கள் தேடிப் போட்ட பியானோ எதுவும் அதில் இருக்காது.